தினை மட்டுமே தின்னும் பட்ஜிக் கிளிக்கு வைட்டமின் சொட்டு, கடல் நுரை, கிரிட் எல்லாம் வாங்கணுமா?

எல்லாம் வேண்டாம். கடல் நுரை (கணவாயின் உள் ஓடு) ஒன்று, கிராம் கணக்கில் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். மற்றதைச் சாப்பாட்டிலேயே சரிசெய்யலாம்.

பட்ஜி தினையை அப்படியே விழுங்காது. அலகுக்குள் உருட்டி, உமியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பருப்பை மட்டும்தான் தின்னும். அதனால் 'வைட்டமின் பூசிய விதை' என்று விற்பதில் பூச்சில் பெரும்பகுதி உமியோடு கூண்டின் அடித்தட்டுக்குப் போய்விடும். விதைமேல் தூவும் கால்சியம் பொடிக்கும் அதே கதிதான். பொடி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஈரக் கீரையிலோ துருவிய கேரட்டிலோ பிசறிக் கொடுங்கள், ஒட்டிக்கொள்ளும். கல் கிரிட்டும், அதாவது இரையை அரைக்க வயிற்றுக்குள் போகும் பொடிக்கல்லும், வேண்டாம். அது தானியத்தை முழுசாக விழுங்கும் புறா மாதிரிப் பறவைகளுக்கு. பட்ஜி உடம்பு சரியில்லாத நேரத்தில் அதை அளவில்லாமல் தின்று குடலை அடைத்துக்கொள்வதுண்டு.

தண்ணீரில் கலக்கும் சொட்டு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத சமாச்சாரம். பட்ஜி ஒரு நாளைக்குக் குடிப்பது பெரும்பாலும் ஒரு டீஸ்பூனுக்குள்தான். அதில் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கிண்ணம் சீக்கிரம் வழவழப்பாகிக் கிருமி சேரும். ருசி மாறியதால் தண்ணீரே குடிக்காமல் விடும் பறவையும் உண்டு.

விதை மட்டும் தின்பதில் முக்கியக் குறை வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும். முன்னதற்குக் கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, கரும்பச்சைக் கீரை. பின்னதற்குக் கடல் நுரை: மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்க்க, ஓடு கம்பியோடு ஒட்ட, உட்காரும் குச்சியின் உயரத்தில் கட்டுங்கள். தொடவில்லையென்றால் கத்தியால் சுரண்டிக் கீரைமேல் தூவலாம். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதற்கு நேரடி வெயில் பட வேண்டும், ஜன்னல் கண்ணாடி வழியாக வருவது உதவாது. நிழலுக்கு ஒதுங்க கூண்டில் ஒரு மூலையும் இருக்கட்டும். முட்டையிடும் பெட்டைக்குக் கால்சியம் குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். அதற்காக டி3 மருந்தை அள்ளிவிடவும் கூடாது, சிறுநீரகத்தில் கால்சியம் படிந்துவிடும்.

பெல்லட்டுக்கு (சத்துகள் சேர்த்து அழுத்திச் செய்த குருணைத் தீனி) மாற்றுவதாக இருந்தால் விதையை ஒரேயடியாக நிறுத்தாமல் நாலு முதல் எட்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கிண்ணம் நிரம்பியிருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்; ஊதிப் பார்த்தால் மேலே கிடப்பது முழுக்க உமியாக இருக்கும், பறவை பட்டினி கிடக்கும். தராசு இதற்குத்தான். தினமும் காலையில் தீனிக்கு முன்னால் பறவையை எடைபோட்டு எழுதிவையுங்கள். 35 கிராம் பட்ஜி 32-க்கு வந்தாலே அன்றைக்கே பழையபடி விதை கொடுங்கள். அதன் பிறகும் இறங்கினால் பறவை பார்க்கும் மருத்துவரிடம்தான் போகவேண்டும். பெல்லட்டை நன்றாகத் தின்னப் பழகிவிட்டால் வைட்டமின் பொடியைத் தனியாகக் கொடுக்காதீர்கள், பெல்லட்டிலேயே அது இருக்கிறது.