பத்து காஜா பக்கம் ஈயம் எப்படி வந்தது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவில் தோட்டத்தைத் தாண்டினால் ஈயம் (வெள்ளீயம்) தோண்டிய குட்டைகள்தான். மலையை விட்டுவிட்டுப் பள்ளத்தில் ஏன் தோண்டினார்கள் என்பது கேள்வி.

ஈயம் பிறந்தது மலையில்தான். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக் குழம்பு மெல்ல ஆறித் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் ஆனது. கடைசியில் எஞ்சிய சூடான திரவம் விரிசல்களில் புகுந்து, காசிட்டரைட் என்னும் ஈயத் தாதுவாகப் படிந்தது. அப்புறம் மழை வேலையைக் காட்டியது. பாறை மக்கி, ஆற்றோடு இறங்கியது. காசிட்டரைட் தண்ணீரைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு கனம். மணல் ஓடிவிடும், இது தங்கிவிடும்.

பத்து காஜா இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் அதிர்ஷ்டமே அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறைதான். நீர் அதைக் கரைத்துக் குழியும் கூம்புமாக ஆக்கியிருந்தது. அந்தக் குழிகளில் தாது சிக்கிக்கொண்டது. மலையை உடைப்பதை விட மண்ணைக் கழுவுவது சுலபம் அல்லவா?

பக்கத்துத் தஞ்சோங் துவாலாங்கில் மண்ணை அள்ளும் மிதவைக் கப்பல் 1938 முதல் 1982 வரை அதைத்தான் செய்தது. 1985இல் விலை சரிந்ததும் பெரும்பாலான லம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) மூடின. கழுவிப் போட்ட மணலில் சத்து இல்லை. செம்பனைகூட அங்கே சுலபமாகத் தேறாது.