மருந்துத்துறையில் ஆர் மொழி – கடிதம்

வணக்கம் சார்,

சென்னையில் மருத்துவ ஆய்வுகளுக்கு ஒப்பந்தப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தில், சாஸ் என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருளில் நிரல் எழுதும் புரோகிராமராக இருக்கிறேன். எம்எஸ்சி புள்ளியியல் படிக்கும்போதே ஆர் என்ற இலவசப் புள்ளியியல் நிரல்மொழி பழகியவள். எங்கள் அணிக்கும் அதைக் கொண்டுவரலாம் என்று மேலாளரிடம் பேசினேன். லைசென்ஸ் செலவு எவ்வளவு மிச்சமாகும் என்று பட்டியல் போட்டே காட்டினேன். “அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சாஸைத்தான் கேட்கும். ஓசியில் வருவதை நம்பி மருந்து அனுமதிக்கான சப்மிஷன் அனுப்ப முடியுமா?” என்று முடித்துவிட்டார். இதை எப்படித்தான் எடுத்துச் சொல்வது? இனியும் சாஸை மட்டும் நம்பி இருக்கலாமா என்ற பயமும் இருக்கிறது.

கவிதா

அன்புள்ள கவிதா,

நீங்கள் பேச்சைத் தொடங்கிய இடமே சரியில்லை. லைசென்ஸ் பணம் மேலாளரின் பையிலிருந்து போவதில்லை. நாளைக்கு ஆய்வு முடிவுகளின் ஒரு டேபிளில் எண் பிசகினால் யார் தலை உருளும் என்பதுதான் அவர் கவலை. சாஸ் என்றால் கைகாட்ட ஒரு கம்பெனி இருக்கிறது. ஆர் என்றால் நீங்களும் அவரும்தான். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதோடு, சர்வர், பயிற்சி, பேக்கேஜ்கள் என்னும் ஆரின் துணை நிரல்தொகுப்புகளைச் சரிபார்க்க ஆள் என்று எல்லாவற்றுக்கும் காசு ஆகும். உங்கள் பட்டியலில் அதெல்லாம் இருந்ததா?

ஆனால் எஃப்டிஏ பற்றி அவர் சொன்னது சரியல்ல. புள்ளியியல் ஆய்வுக்குக் குறிப்பிட்ட எந்த மென்பொருளையும் தாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை என்று 2015இலேயே எஃப்டிஏ எழுத்தில் தெளிவுபடுத்திவிட்டது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை முழுமையாக ஆவணப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஏன் எல்லோரும் சாஸ் கட்டாயம் என்று நம்புகிறார்கள்? டேட்டாவை எக்ஸ்பிடி கோப்பாக அனுப்பச் சொல்வதால். மாறிகளின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது என்று படுத்தும் அந்தப் பழைய வடிவம் சாஸ் உருவாக்கியது. ஆனால் அதன் விவரக்குறிப்பு பொதுவில் இருக்கிறது. ஆரின் ஹேவன் பேக்கேஜே அதை எழுதும்.

முன்னுதாரணம் கேட்டால், ஆர் மொழிக்குத் துணைநிற்கும் கூட்டமைப்பான ஆர் கன்சோர்டியத்தின் பைலட் முயற்சியைக் காட்டுங்கள். 2021 நவம்பரில், பொதுவில் கிடைக்கும் ஒரு சோதனை டேட்டாவை வைத்து முழுக்க ஆரில் செய்த சப்மிஷனை எஃப்டிஏவுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள ஆய்வாளர்கள் அதை ஓட்டிப் பார்த்து, முடிவுகள் அப்படியே வருவதை உறுதி செய்தார்கள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. தாங்களே எழுதிய பேக்கேஜை அனுப்புவதில் சிக்கல், ஏனென்றால் எல்லா வகைக் கோப்பையும் எஃப்டிஏவின் மின்வாசல் உள்ளே விடாது. அதனால் மொத்த பேக்கேஜையும் ஒரே டெக்ஸ்ட் கோப்பாகக் கட்டி அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்துக்கொண்டார்கள். அதற்கென்றே பிகேஜிலைட் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. ரோஷும் ஜிஎஸ்கேயும் போட்டி மருந்து நிறுவனங்கள், ஆனாலும் ஆய்வு டேட்டாசெட் தயாரிக்கும் அட்மிரல் பேக்கேஜைச் சேர்ந்தே தொடங்கினார்கள். சொல்லப்போனால், ஆரை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஜென்டில்மனே பின்னாளில் ஜெனென்டெக் என்னும் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான்.

இதையெல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டினால் மேலாளர் தலையாட்டுவார், வேலை நகராது. ஒரு டேபிளில் தொடங்குங்கள். உங்கள் அலுவலகத்தில் டபுள் புரோகிராமிங் இருக்குமே? ஒருவர் எழுதிய டேபிளை இன்னொருவர் தனியாக எழுதி ஒப்பிடுவது. அந்த இரண்டாவது ஆளின் வேலையை மட்டும் ஆரில் செய்ய அனுமதி கேளுங்கள். சப்மிஷனில் போவது சாஸ் வெளியீடுதான் என்பதால் அவருக்கு இழப்பில்லை.

முதல் நாளே எண்கள் முட்டிக்கொள்ளும், அதற்குத் தயாராக இருங்கள். 1, 2, 3, 4 என்ற நான்கே எண்களின் முதல் கால்மானத்தை, அதாவது கீழ்க் கால் பங்கைப் பிரிக்கும் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சாஸ் 1.5 என்னும், ஆர் 1.75 என்னும். இரண்டும் சரிதான், இயல்பாக எடுத்துக்கொள்ளும் வரையறைதான் வேறு. ஆரில் டைப் 2 என்று கொடுத்தால் 1.5 வந்துவிடும். 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் சாஸ் 3 தரும், ஆர் இரட்டை எண் பக்கம் சாய்ந்து 2 தரும். நோயாளிகள் உயிர்வாழும் காலத்தை ஆராயும் காக்ஸ் மாதிரியில் ஒரே நாளில் இருவருக்கு மரணம் நேர்ந்திருந்தால் சாஸ் பிரெஸ்லோ முறைக்குப் போகும், ஆர் எஃப்ரான் முறைக்குப் போகும். விவரம் தெரியாதவர் கண்ணில் இது பட்டால், “பார்த்தீர்களா, ஆர் தப்பாகக் கணக்கிடுகிறது” என்று அன்றே கதையை முடித்துவிடுவார். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். வித்தியாசம் எது, காரணம் எது, ஆய்வுத் திட்டத்தில் எந்த முறை எழுதியிருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்துக்கொண்டே வாருங்கள். பல திட்ட ஆவணங்களில் கால்மானத்தை எந்த முறையில் எடுப்பது என்றே எழுதியிருக்காது. சாஸ் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டு காலம் தள்ளியிருப்பார்கள். மேலாளரை அசைக்கப்போவது இந்தப் பதிவேடுதான் என்பது என் கணிப்பு.

பதிப்பு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்க வேண்டாம். 2019இல் வந்த ஆர் 3.6.0இல் சாம்பிள் எடுக்கும் முறையை மாற்றினார்கள். ரேண்டம் தேர்வைத் தொடங்கிவைக்கும் அதே சீட் எண்ணைக் கொடுத்தாலும் பழைய பதிப்பில் வந்த வரிசை புதியதில் வராது. நோயாளிகளைக் குழு பிரிக்கும் பட்டியலை அப்படி உருவாக்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆய்வு தொடங்கும் அன்றே ஆர் பதிப்பையும் பேக்கேஜ் பதிப்புகளையும் ரென்வ் என்னும் பேக்கேஜைக் கொண்டு பூட்டிவிடுங்கள். ஆர் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான கிரானில் 20,000க்கு மேல் பேக்கேஜ் இருக்கிறது என்பது கல்லூரியில் பெருமை, தணிக்கையாளர் முன்னால் தொல்லை. ஆரோடு கூடவே வரும் பேக்கேஜ்களோடு நின்று, வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஏன் நம்புகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இதற்கான வழிமுறைகளை ஆர் வேலிடேஷன் ஹப் குழுவினர் வெளியிட்டிருக்கிறார்கள்.

சட்டப் பிரிவினர் ஆரின் திறந்த மூல உரிமமான ஜிபிஎல்லைப் பார்த்து, நம் நிரல்களை வெளியிட வேண்டிவருமோ என்று கேட்கக்கூடும். உள்ளுக்குள் பயன்படுத்தும்வரை அந்தக் கட்டாயம் கிடையாது.

சாஸைக் கைவிட வேண்டுமா என்றால், வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் மேக்ரோக்கள் (திரும்பத் திரும்பப் பயன்படும் நிரல் துண்டுகள்) அதில்தான் கிடக்கின்றன, அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டு ஆரில் எழுத இரண்டும் தெரிந்த ஆள்தான் வேண்டும். மேலாளர் சம்மதித்தால் மக்கள்தொகை விவர டேபிளை முதலில் எடுங்கள். சராசரி, இடைநிலை, சதவீதம் என்று முடிந்துவிடும், ரவுண்டிங் தகராறும் அதிலேயே வந்துவிடும்.