பிரைமருக்கு அடியில் துரு: பட்டி போட்டு மூடிவிடலாமா?

கேள்வி: நானும் மச்சானும் 1932 ஃபோர்டு பாணியில் ஒரு ஹாட் ராட் (பழைய பாணிக் காரை மாற்றிக் கட்டும் வண்டி) கட்டி முடித்துவிட்டோம். சாலையில் ஓட்டுவதற்கல்ல, காட்சிக்கு மட்டும். உடல் முழுக்க இரும்புத் தகடு. கூரையை 3 அங்குலம் வெட்டி இறக்கி, மூட்டுகளை வெல்டு செய்து, அதன் மேல் ஈயம் வைத்து இழைத்திருக்கிறோம். வண்டி சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் வாடகை இடத்தில் நிற்கிறது. நான்கு மாதத்துக்கு முன்பு கேன் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போகும் அடிப்பூச்சு) அடித்தோம். இப்போது கதவின் கீழ்ப்பகுதியிலும் கூரை ஓரத்திலும் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. ஸ்ப்ரே வேலை பிடித்துக் கொடுக்கும் ஒருவர், "பட்டி போட்டு மூடிவிடலாம், மேலே டூ-கே (இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பூச்சு) அடித்தால் தெரியாது, மொத்தம் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பாதி முன்பணம்" என்கிறார். நம்பலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: மூடக் கூடாது. பிரைமர் முழுவதையும் உரித்துத் தகட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. முன்பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும்.

பிரைமர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அது துருவைத் தடுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். கேனில் வரும் சாம்பல் நிறப் பிரைமர் சீக்கிரம் காயவும் சுலபமாகத் தேயவும் செய்யப்பட்டது. அதில் மாவு மாதிரியான நிரப்பி நிறைய இருக்கிறது. காய்ந்த பிறகும் நுண்ணிய துளைகள் இருக்கும், ஈரம் அதன் வழியே தகடு வரை இறங்கும். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. மழையில்லாத பிற்பகலிலும் 60ஐ ஒட்டியே இருக்கும். அந்தக் காற்றில் நான்கு மாதம் நின்ற பிரைமரில் புள்ளி தெரிகிறது என்றால், புள்ளியைச் சுற்றி இன்னும் தெரியாத துரு ஒரு வளையமாகப் பரவியிருக்கும். அதன் மேல் பட்டி போட்டால், கூரைக்குள் கசிவை வைத்துக்கொண்டு உட்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கதைதான். பளபளப்பு ஆறு மாதம் தாங்கலாம். பிறகு கொப்புளம் கிளம்பும். அப்போது பெயிண்ட், பட்டி, பிரைமர் மூன்றையும் சேர்த்து உரிக்க வேண்டிவரும்.

புள்ளி இல்லாத இடங்களை அப்படியே விடலாமா என்று மச்சான் கேட்பார். வெள்ளைத் துணியில் லாக்கர் தின்னரை நனைத்து, பிரைமர் மேல் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் அது கரையும் வகை. அதன் மேல் டூ-கே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் கீழே இறங்கிப் பிரைமரைச் சுருட்டிவிடும். கேன் பிரைமர் பெரும்பாலும் இப்படித்தான். எடுத்துவிடுங்கள்.

உரிப்பதற்கு 80 நம்பர் உப்புத்தாள் போட்ட டிஏ சாண்டர் (இரட்டை அசைவில் சுழலும் தேய்ப்பு இயந்திரம்) போதும். நூல்கண்டு மாதிரி சுருண்ட உரிப்பு வட்டு கிடைத்தால் வேலை இன்னும் வேகம். கிரைண்டரில் கல் வட்டு வேண்டாம், தகடு சூடேறி அலை அலையாக வளைந்துவிடும். "மணல் பீய்ச்சி ஒரே நாளில் சுத்தமாக்கித் தருகிறேன்" என்பவரிடம் வண்டியின் அடிச்சட்டத்தையும் அச்சையும் கொடுக்கலாம், கூரையையும் கதவையும் கொடுக்கக் கூடாது. மணல் அடிக்கும் வேகத்தில் தட்டையான தகட்டின் ஒரு பக்கம் மட்டும் நீண்டு உப்பிவிடும், அதைத் தட்டிச் சரிசெய்வது பெயிண்ட் வேலையைவிடப் பெரிய வேலை. துருக்குழிகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் ஏமாற்றுத்தான். மேல்பகுதி மினுங்கும், குழியின் அடியில் கறுப்பு அப்படியே இருக்கும். அந்தக் குழிகளுக்கு மட்டும் சிறிய கைப்பீய்ச்சியால் நுண்மணல் அடியுங்கள், அல்லது பாஸ்பாரிக் அமில ஜெல் வையுங்கள். ஜெல் காய விடக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே உலர்த்திவிட வேண்டும். மீந்த அமிலத்தின் மேல் எப்பாக்சி பிரைமர் ஒட்டாது.

இனி ஈய மூட்டுக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் பொது விதி செல்லாத ஒரே இடம் இதுதான். கூரை ஓரத்தில் புள்ளி வந்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது நவச்சாரம் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். உலோகத்தின் மேலிருக்கும் அழுக்குப் படலத்தை அரித்தால்தான் ஈயம் பிடிக்கும். தகட்டுக்கு ஈயம் வைக்கும்போது தடவும் ஃப்ளக்ஸுக்கும் அதே வேலைதான், அதிலும் குளோரைடு இருக்கிறது. வேலை முடிந்ததும் அதை முழுசாகக் கழுவாவிட்டால் ஈயத்தின் ஓரத்திலும் வெல்டு துளைகளிலும் தங்கி, காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த பிரைமர் அடித்தாலும் உள்ளிருந்து துரு கிளம்பும். அதனால் மூட்டு நெடுக, இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பிரைமரை எடுங்கள், ஈயத்தின் மேல் மட்டும் சாண்டர் படாமல் (காரணம் கீழே). ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வெறும் வெந்நீரில் இரண்டு முறை. கூரையின் உட்புறத்தையும் கழுவ வேண்டும், மூட்டுக்குப் பின்னால் வழிந்த ஃப்ளக்ஸை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காற்று பீய்ச்சி உலர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வெள்ளைப் பூவாகவோ பச்சை கலந்த படிவாகவோ ஏதாவது தெரிந்தால் மறுபடியும் கழுவுங்கள். தெரியாத வரை பிரைமர் டப்பாவைத் திறக்காதீர்கள்.

ஈயத்தைச் சாண்டர் வைத்துத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கும், உடுப்போடு வீட்டுக்கும், வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். பெரிய பற்கள் உள்ள அரம் வைத்துக் கையால் இழையுங்கள், துருவல் கீழே விழும், காற்றில் பறக்காது. கீழே தாள் விரித்து அள்ளுங்கள், கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள். ஹாட் ஏர் கன்னும் அந்தப் பக்கம் போகக் கூடாது. தகரம் கலந்த ஈயம் 183 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், கன் சாதாரணமாக 500ஐத் தாண்டும். "பவுடர் கோட்டிங் போட்டுவிடலாம், ஜென்மத்துக்கும் துருப் பிடிக்காது" என்று யாராவது சொன்னால், அடுப்பில் 180 முதல் 200 பாகை வரை சூடாக்கும் வேலை அது என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் கூரை மூட்டிலுள்ள ஈயம் அடுப்புக்குள்ளேயே இளகிச் சரியலாம். ஈயத்தின் மேல் நேரடியாகப் பட்டியும் வேண்டாம். முதலில் எப்பாக்சி, அதற்கு மேல்தான் பட்டி.

எப்பாக்சி என்று நான் சொல்வது இரண்டு டப்பாவாக வரும் எப்பாக்சி பிரைமரை. கடையில் எட்ச் பிரைமரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதிலுள்ள அமிலத்தின் மேல் பட்டி போட்டால் பிடிப்பு போய்விடும், உங்களுக்கோ பட்டி வேலை நிறைய இருக்கிறது.

எப்பாக்சி அடிக்கும் நேரத்தை வானிலை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோப்பிக் கடையில் தே ஓ பெங் (பால் இல்லாத ஐஸ் தேநீர்) வாங்கி மேசையில் வைத்தால் குவளைக்கு வெளியே நீர் முத்து முத்தாக நிற்கிறதல்லவா? இரவெல்லாம் குளிர்ந்த தகட்டிலும் காலையில் அதே நீர்தான், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் படிகிறது. காற்று 28 பாகை, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 26 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். தகடு அதைவிட 3 பாகையாவது கூடுதலாக, அதாவது 29க்கு மேல் இருக்க வேண்டும். 20, 30 வெள்ளிக்குக் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் கூரை, கதவு, கதவின் அடி மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மினுங்கும் வெறும் தகட்டில் அது தவறாகக் காட்டும், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் பாருங்கள். கான்கிரீட் தரைக்கு அருகில் இருக்கும் அடிப்பகுதிதான் கடைசியாகச் சூடாகும். முதல் புள்ளி அங்கே வந்ததில் வியப்பில்லை. மழையில்லாத நாளில் பகல் 1 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள் முடிப்பது நல்லது.

அன்று காலையில்தான் கடைசித் தேய்ப்பு. முந்தின நாள் தேய்த்து வைத்த தகடு இந்த ஊரில் மறுநாளே மங்கும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் கிரீஸ் நீக்கியால் துடையுங்கள். ஒரு கையில் நனைத்த துணி, மறு கையில் உலர்ந்த துணி. காயும் முன்பே துடைத்து எடுக்க வேண்டும், காயவிட்டால் எண்ணெய் இருந்த இடத்திலேயே மறுபடி படிந்துவிடும். வெறுங்கை படவே கூடாது. வியர்வைக் கையை ஒரு முறை வைத்துப் பாருங்கள்: மறுநாள் ஐந்து விரலும் பழுப்பாகத் தகட்டில் பதிந்திருக்கும். நெற்றியில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், சொட்டுகிற வியர்வையிலும் உப்புத்தான். எப்பாக்சியை டப்பாவில் போட்ட விகிதப்படி அளவுக் குவளையில் கலந்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் சொன்ன நேரம் ஊறவிட்டு, இரண்டு கோட் அடியுங்கள். அதற்கு மேல் தேய்க்காமல் எத்தனை நாளுக்குள் அடுத்த பூச்சு போடலாம் என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாளைப் பல கடைகள் தாமாகக் கொடுப்பதில்லை. பெரிய டப்பாவிலிருந்து பெயர் ஒட்டாத போத்தலில் ஹார்டனரை ஊற்றிக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு இன்ன பொருள் என்றுகூடச் சொல்லாத இந்த வழக்கம் என்றைக்கோ ஒழிந்திருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் வேறு கடை.

பட்டியில் ஒரே ஒரு அளவு: 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர். சமையலறைத் தராசு வைத்து நிறுங்கள். சூட்டில் சீக்கிரம் இறுகுகிறதே என்று ஹார்டனரைக் குறைத்தால் பட்டி உள்ளே வேகாமல் மெத்தென்று இருக்கும், பின்னால் சுருங்கி உப்புத்தாள் கோடுகளைக் காட்டும். கூட்டினால் மீந்த ஹார்டனர் மேலே ஏறி, வெளிர் நிறப் பெயிண்டில் மஞ்சள் கறையாகத் தெரியும். அளவை மாற்றாமல் எலுமிச்சை அளவு உருண்டையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த இடத்தை இன்னும் தட்டி நிமிர்த்த வேண்டும் என்று அர்த்தம். நீளக் கட்டையில் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 150, குறுக்கு மறுக்காக. பட்டி மேல் தண்ணீர்த் தேய்ப்பு வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

பட்டி முடிந்ததும் கதவு, பானெட், விளக்கு எல்லாவற்றையும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். மொத்தப் பூச்சும் சேர்ந்து ஒவ்வொரு ஓரத்திலும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் ஏறும், எதிரெதிர் ஓரங்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி குறையும். போட வேண்டிய துளைகளை இப்போதே போட்டுவிடுங்கள். அதன்பின் டூ-கே பிரைமர் மூன்று கோட், மேலே கறுப்புத் தூவல் (தேயாத பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும் மெல்லிய பூச்சு), 320 நம்பர் உப்புத்தாள், பிறகு 500. மெட்டாலிக் நிறம் என்றால் 800 வரை.

கம்ப்ரசரை மறக்காதீர்கள். நிமிடத்துக்கு 300 லிட்டர் இழுக்கும் இயந்திரம் இந்த ஊர்க் காற்றோடு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் தண்ணீரையும் சேர்த்து விழுங்குகிறது. நீர்ப்பிடிப்பானைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டினால் பயனில்லை, அங்கே காற்று இன்னும் சூடாக, நீர் ஆவியாகவே இருக்கும். 7, 8 மீட்டர் குழாய் தாண்டிக் குளிர்ந்த இடத்தில் மாட்டுங்கள். தொட்டியைத் தினமும் திறந்து வடியுங்கள்.

டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டுவரும் பொருள், ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். வாசனையும் தெரியாது, அதனால் கரி வடிகட்டி தீர்ந்துபோனதும் தெரியாது. வெளியிலிருந்து காற்று கொடுக்கும் முகமூடி வேண்டும். அந்த ஏற்பாடும் முறையான ஸ்ப்ரே அறையும் உங்களிடம் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆகவே எப்பாக்சியும் பட்டியும் வரை நீங்கள் செய்யுங்கள், அதற்கு மேலுள்ளதைப் பட்டறையில் கொடுங்கள். எப்பாக்சி அடிக்கும் முன்பேகூட, அந்த வாடகை இடத்தில் ஸ்ப்ரே வேலைக்கு அனுமதி உண்டா என்று இடக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். தின்னர் டப்பாக்களை அடுக்கி வைத்தால், ஓர் அளவுக்கு மேல் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் தேவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் தேய்ப்பு வேலை செய்யவும் முடியாது. கையால் வேலை செய்ய ஆசைப்படுகிறவர் முறைப்படி வந்து செய்ய, மணிக் கணக்கில் வாடகைக்கு ஒரு பொது ஸ்ப்ரே அறை இருந்தால் போதும். அது எளிதில் கிடைக்காததால்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

உங்களிடம் வந்தவர் பெரும்பாலும் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடாதவர். வேலையை இன்னொருவரிடம் தள்ளி நடுவில் பணம் எடுப்பவர், குறை வந்தால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். மலேசியாவின் ஜொகூருக்குக் கொண்டுபோனால் பாதி விலை என்று அடுத்த வலை வரும். பதிவில்லாத வண்டி எல்லை தாண்ட இரு பக்கமும் சுங்க ஆவணம் வேண்டும், அந்தச் செலவை அவர் சொல்ல மாட்டார். பட்டறைக்காரரிடம் நேரில் போங்கள். நீங்கள் எப்பாக்சி வரை முடித்த உடலை வெள்ளை வெளிச்சத்தில் காட்டுங்கள், மேலே எந்தப் பிராண்டுப் பிரைமர், எந்தக் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு), எத்தனை கோட் என்பதை விலைச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். முன்பணம் கால் பங்கு. பிரைமர் தேய்த்து முடித்த உடலை நீங்கள் நேரில் தடவிப் பார்த்தபின் மொத்தத்தில் பாதி, மீதி வண்டி எடுக்கும்போது. தடவிப் பார்க்கும்போது மட்டும் மெல்லிய துணிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அலை உள்ளங்கைக்குத் தெரியும்.