கராஜ் கேள்வி பதில்: பெயின்ட் டின்னைத் திறக்கும் முன்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய இரும்பைக் கழுவுவது, துரு எடுப்பது, பெயின்ட் அடிப்பது பற்றியவை. ஹட்டனிலிருந்து ஒரு தம்பி எழுதியதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஹட்டன்): மாமாவின் பழைய மொரிஸ் மைனர் கார் பல வருடமாகக் கொட்டகையில் கிடந்து, அதன் வெளிக்கூடு முழுக்க உக்கிவிட்டது. எஞ்சின், முன் சஸ்பென்ஷன், பின் எக்ஸல் மூன்றையும் கழற்றிவிட்டோம். நானும் தம்பியும் பைப்பில் சட்டகம் அடித்து, இரண்டு பேர் போகிற மாதிரி ஒரு திறந்த கார் கட்டுகிறோம். பாகங்கள் எல்லாம் கிரீஸ், மண், துரு. விறகு நெருப்பில் போட்டு எரித்தால் சுலபம் என்கிறார் கராஜ் பாஸ் ஒருவர். செய்யலாமா? என்ன பெயின்ட் நல்லது?

பதில்: நெருப்பு வேண்டாம் தம்பி. மைனரின் முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கித் தாங்குகிற நீளமான டோர்ஷன் பார்தான் இருக்கிறது. அதுவும் பின்னால் இருக்கிற லீஃப் ஸ்பிரிங்கும் பதம் வைத்த உருக்கு. நெருப்பில் போட்டால் பதம் போய்விடும். பார்ப்பதற்கு எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் பாரம் ஏறியதும் தொய்ந்துவிடும்.

பெயின்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் கழுவுவது பெயின்ட் ஒட்டுவதற்காக மட்டும் இல்லை. அந்த இரும்பில் வெடிப்பு இருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று நீங்கள் கண்ணால் பார்க்கப் போகிற ஒரே சந்தர்ப்பம் அதுதான். பெயின்ட் ஏறியபின் எல்லாப் பாகமும் நல்ல பாகம் மாதிரித்தான் தெரியும்.

இனி பாகங்களைப் பிரிக்கும்போதே போனில் படம் எடுத்து, ஒவ்வொரு பக்கத்து நட், போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். டோர்ஷன் பார் இரண்டிலும் இடது, வலது என்று இப்போதே குறியுங்கள். இத்தனை வருடம் ஒரே பக்கமாக முறுகிய பாரை மறுபக்கம் போடக்கூடாது. குறிக்கிறேன் என்று உளியால் வெட்டிவிடாதீர்கள், பெயின்ட் புள்ளி போதும். டோர்ஷன் பாரில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும், ஆகவே அதன் பக்கம் கிரைண்டரையே கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் கெட்டியான கிரீஸை மரச்சிராயால் சுரண்டி எடுத்துவிட்டு, வெட்டிய ஒயில் கேனில் மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷ்ஷால் ஊற ஊறத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் பத்தடி தள்ளி எரிகிற குசினி அடுப்பிலும் பற்றிக்கொள்ளும், லயத்தில் இது எத்தனை வீட்டைப் பாதிக்கும் என்று யோசியுங்கள். மண்ணெண்ணெய்க் கழுவலுக்குப் பிறகு சுடுதண்ணீரும் சலவைத் தூளும் போட்டு இன்னொரு முறை கழுவிக் காயவைக்க வேண்டும், ஏனென்றால் மண்ணெண்ணெய் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். சுத்தமா இல்லையா என்று அறிய இரும்பின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சேம்பிலையில் மாதிரி முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, பரவி ஓடினால் சரி.

கழுவிய அழுக்கு மண்ணெண்ணெயை ஓடையில் ஊற்றாதீர்கள். நமக்குக் கீழே இருக்கிற டிவிஷன்காரர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஒரு கேனில் ஊற்றி வைத்தால் சேறு அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை மறுபடியும் பாவிக்கலாம்.

இனி வெடிப்புப் பார்க்கிற வேலை. ஸ்டப் எக்ஸல் (முன் சக்கரம் சுழல்கிற குட்டை அச்சு), ஸ்டியரிங் ஆர்ம், ஹப் (சக்கரம் பூட்டுகிற நடுப்பாகம்) இந்த மூன்றையும் மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, வெளியே எடுத்து உலரத் துடைத்து, மேலே சோக் தூளைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெதுவாகக் கசிந்து வெள்ளைச் சோக்கில் ஒரு மயிரிழைக் கோடாகத் தெரியும். ஸ்டப் எக்ஸலில் உடம்பு பருத்து வளைகிற மூலையைக் கவனமாகப் பாருங்கள். கோடு தெரிந்தால் அந்தப் பாகம் பழைய இரும்புக்காரருக்கு. வெல்டிங் அடித்துப் பாவிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மைனருக்கு என்றே ஒரு பலவீனம் உண்டு. முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சான கிங்பின்னின் மேலும் கீழும் புரி வெட்டி, அது ட்ரனியன் என்கிற தாங்கு துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது கிரீஸ் அடிக்காமல் விட்டால் அந்தப் புரி தேய்ந்து, ஒரு நாள் ட்ரனியன் கழன்று முன் டயர் உள்ளுக்கு மடிந்துவிடும். உங்கள் கார் கொட்டகையில் எத்தனை வருடம் கிடந்ததோ அத்தனை வருடமும் அதற்கு கிரீஸ் இல்லை. ஆகவே கிங்பின்னை ட்ரனியனிலிருந்து முழுவதும் திருகி எடுத்துக் கழுவி, மறுபடி திருகி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புதியது வாங்குங்கள். பெயின்ட்டுக்கு வைத்த காசு முழுக்க இதற்குப் போனாலும் பரவாயில்லை, கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது உங்களைத் தாங்கப்போவது அந்தப் புரிதான்.

சரி, பெயின்ட். எக்ஸல், சஸ்பென்ஷன் ஆர்ம், சட்டகம் இவற்றுக்கு சிங்க் பொஸ்பேட் பிரைமர், மேலே பிரஷ்ஷால் இரண்டு கோட் நல்ல எனமல், அவ்வளவு போதும். ஹார்ட்னர் கலக்கிற இரண்டு டின் பெயின்ட்டை வீட்டில் ஸ்பிரே அடிக்க வேண்டாம். அதில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணியைக் கட்டிக்கொண்டு அடித்தால் அது தடுக்காது. எஞ்சின் பிளொக் சாதாரணமாக 80, 90 பாகை சென்டிகிரேட் சூட்டில் ஓடுவதால் அதற்கு எஞ்சின் எனமல் தாங்கும். எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டுக்கு அது தாங்காது, அதிக சூட்டுக்கான பெயின்ட்டை பிரைமர் இல்லாமல் நேரே அடிக்க வேண்டும். ரேடியேட்டருக்கு மிக மெல்லிய கறுப்பு ஒரு கோட், தடித்தால் சூடு வெளியேறாது.

கேள்வி (நுவரெலியா): கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளி மாதிரி ஆக்கி, அடுத்த நாள் காலையில் பெயின்ட் அடித்தேன். பெயின்ட் வெளிறிப்போனது, ஒரு மாதத்தில் தோல் மாதிரி உரிகிறது, அடியில் துரு. மட்டமான பெயின்ட்டா?

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது ஐயா, அந்த இரவும் அந்தக் காலையும்தான் காரணம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறீர்கள். நம் ஊர் மூடுபனியில் வெறும் இரும்பு ஒரு இரவு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாத துரு முழுக்கப் பூத்துவிடும். காலையில் இன்னொன்றும் நடக்கிறது: இரவெல்லாம் குளிர்ந்த கனமான இரும்பு, சூரியன் வந்து காற்று சூடான பிறகும் குளிராகவே இருக்கும். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரி அதன் மேலும் ஈரம் படியும், தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. அந்த ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் எப்படி ஒட்டும்? வெளிறுவதும் அதனால்தான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு இன்னும் குளிர்ந்து, காற்றின் ஈரம் ஈரப் பெயின்ட்டுக்குள்ளேயே விழுகிறது.

பெயின்ட் வேலைக்காரர்களிடம் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், காற்றின் ஈரம் துளியாகப் படிகிற வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும். மானி எதுவும் இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: முதல் நாள் இரவே பாகத்தை வீட்டுக்குள் சூடான இடத்தில் வையுங்கள், அல்லது தகரப் பெட்டிக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போட்டு அதோடு மூடி வையுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு வெயில் விழுந்ததும் வெளியே எடுத்து, கடைசியாக ஒருமுறை தேய்த்து, தின்னர் நனைத்த சுத்தத் துணியால் துடைத்து, கை சூடு இருக்கும்போதே பிரைமரை அடித்துவிட வேண்டும். தேய்த்ததற்கும் பிரைமருக்கும் நடுவில் சாப்பாட்டுக்குக்கூடப் போகாதீர்கள். இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கத் தொடங்கினால் டின்னை மூடிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். ஈரமான பாகத்தைப் பெயின்ட் பூசுவதற்காக அடுப்பங்கரையில் மட்டும் சூடாக்காதீர்கள், தின்னர் ஆவி நெருப்பைத் தேடிப்போகும்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கமும் ஹட்டன் பக்கமும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் கழுவுங்கள், தேய்மானம் பாருங்கள், பாகம் தேடுங்கள், பெயின்ட்டை ஜனவரி முதல் மார்ச் வரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பண்டாரவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்களுக்கு நடு வருடம்தான் காய்ந்த காலம்.

கேள்வி (பண்டாரவளை): பிரேக் டிரம், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவலாமா?

பதில்: டிரம்மைக் கழுவலாம். ஆனால் முதலில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், காற்றுக் குழாயால் ஊதினால் அந்தத் தூசு உங்கள் நெஞ்சுக்குள் போகும். சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பருக்கு மண்ணெண்ணெய் ஒரு துளியும் படக்கூடாது. நான் வேலை பழகிய காலத்தில் ரப்பரையும் சேர்த்து மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டிவிட்டேன். ரம்பொடை இறக்கத்தில் அந்த ரப்பர் ஊதி இறுகி, பிரேக் பிடித்தது விடவே இல்லை, டிரம் புகைந்து பெயின்ட் எரிந்த வாசம் வந்தது. காரில் என் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அன்றைக்கு ஏற்பட்ட நடுக்கம் இன்னும் போகவில்லை. சிலிண்டரின் உட்புறத்தை மெதிலேட்டட் ஸ்பிரிட்டால் அல்லது புதிய பிரேக் ஒயிலால் மட்டும் கழுவுங்கள், ரப்பரைப் புதிதாகப் போடுங்கள். பிரேக் ஒயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் பைப் எல்லாம் பூட்டிக் கசிவு பார்த்த பிறகு, வடிந்த இடத்தைத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): கார்புரேட்டரை கோஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டேன். பொங்கி நுரைத்துக் கறுத்துவிட்டது.

பதில்: கார்புரேட்டர் அலுமினியம், கோஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், இரும்புக்கு மட்டும்தான் அது. உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே பிஸ்டன் ஓடுகிற மினுக்கப் பரப்பு குழிந்திருந்தால் வேறு ஒன்று தேடத்தான் வேண்டும்.

கேள்வி (தலவாக்கலை): பெட்டரி சார்ஜரை வைத்துத் துரு எடுக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை, நல்ல முறையும்கூட. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், ஐந்து லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தில் சார்ஜரின் மைனஸ், எதிரே தொங்குகிற வெறும் இரும்புத் தகட்டில் பிளஸ். இரண்டும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. ஒரு நாளில் துரு கறுப்புச் சேறாகி பிரஷ்ஷுக்கு வந்துவிடும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும். தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைத் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அதிலிருக்கிற குரோமியம் தண்ணீரில் கரைந்து நஞ்சாகும். வாளியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது, கிளிப்பைக் கழற்றும் முன் சார்ஜரை நிறுத்துங்கள். ஸ்பிரிங், டோர்ஷன் பார், கடினமான போல்ட் இவற்றை இந்த வாளிக்குள்ளும் போடக்கூடாது, அமிலத்துக்குள்ளும் போடக்கூடாது. ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும்.

கேள்வி (லிந்துலை): எங்கள் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் நல்ல காய்ந்த சூடான காற்று. பெயின்ட் அடித்த பாகங்களை அங்கே ஒரு இரவு வைத்தால் என்ன?

பதில்: காய்வதென்னவோ நன்றாகக் காயும். ஆனால் தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், தின்னர் வாசம் ஏறினால் அந்த நாள் தூள் முழுக்கக் கெட்டுவிடும், அது எத்தனை பேர் கையால் பறித்த கொழுந்து. வேண்டாம். தகரப் பெட்டியும் பல்பும் போதும். பெயின்ட் தொடுகைக்குக் காய்ந்த பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும், மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

கேள்வி (பதுளை): எந்தெந்த இடத்தில் பெயின்ட் அடிக்கக்கூடாது?

பதில்: வீல், டிரம், ஹப் ஒன்றோடு ஒன்று ஒட்டி அமர்கிற முகங்களில் அடிக்கக்கூடாது. நட் அமர்கிற குழியிலும் கூடாது, அங்கே தடித்த பெயின்ட் நசுங்கி நட் தளர்ந்துவிடும். புரி, காஸ்கெட் முகம், எர்த் வயர் பிடிக்கிற இடம், கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுங்கள். எக்ஸலில் மூச்சுத் துளை இருந்தால் அது அடைபடாமல் பாருங்கள், அடைத்தால் உள்ளே சூடேறி ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில் இறங்கும். எஞ்சின், சாசி இலக்கங்களின் மேல் கிரைண்டரும், குழி நிரப்புகிற பட்டியும் படவே கூடாது. தேய்க்கும் முன்னே ஒரு தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதி எடுத்து, வாகனப் புத்தகத்தோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் தம்பியும் சட்டகம் வெல்ட் அடிக்கும் முன் அந்தப் புத்தகத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஒருமுறை போய், இப்படிக் கட்டுகிற காரைப் பதிவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.