பையைக் கடைசியில் வாங்குங்கள்

வாசகர் கேள்வி, எமது பதில்

பொங்கல் விடுமுறையில் கூடாரத்துடன் மோட்டார் சைக்கிளில் புறப்பட எண்ணுகிறவர்களிடமிருந்து இம்முறை கடிதங்கள் சற்று அதிகமாகவே வந்திருக்கின்றன. அவற்றுள் வடசென்னை வாசகர்கள் அனுப்பியவை மூட்டை கட்டும் விஷயத்தையே சுற்றி வருவதால், ஒரே இதழில் சேர்த்துப் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: நண்பர்கள் மூவர் ஆளுக்கொரு வண்டியில் ஜவ்வாது மலைப்பக்கம் மூன்று இரவுகள் தங்கிவர இருக்கிறோம். என்னுடையது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. இருபுறமும் அலுமினியப் பெட்டி மாட்டிக்கொள்ளுமாறு கடைக்காரர் வற்புறுத்துகிறார். நண்பர்களோ துணிப் பையே போதும் என்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்கள் எல்லாவற்றையும் முதலில் வீட்டுக் கூடத்தில் ஒரு போர்வையை விரித்து அதன்மேல் பரப்பி, ஒவ்வொன்றையும் எடை போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே பை வாங்கக் கடைக்குச் செல்லுங்கள். பையை முதலில் வாங்கியவர் அது நிரம்பும் வரை பொருள் தேடுவார். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் முதல் பயணத்துக்கு ஆளுயரப் பெட்டிகள் இரண்டை வாங்கி மாட்டிவிட்டு, இடம் காலியாகக் கிடக்கிறதே என்று பிரஷர் குக்கரை எடுத்துச் சென்றேன். மூன்று நாளும் அதன் மூடியைத் திறக்கவே இல்லை.

தனியாள் ஒருவருக்கு மூன்று இரவுக்குத் தேவையானவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். இருவர் படுக்கும் சாதாரணக் கூடாரம் இரண்டரை கிலோ, ஸ்லீப்பிங் பேக் ஒன்றேகால், தரையில் விரிக்கும் மெத்தை அரை, உடைகள் இரண்டு கிலோ, மழைக்கோட்டு ஒரு கிலோ, அடுப்பும் எரிவாயுக் குப்பியும் ஒரு பாத்திரமுமாக ஒன்றேகால், கருவிகளும் மாற்று டியூபும் இரண்டரை, தண்ணீர் இரண்டு, உணவுப் பொருள் ஒன்று, டார்ச், மருந்து, சார்ஜர் போன்ற சில்லறைகள் ஒன்று. மொத்தம் பதினைந்து கிலோ. இவை ஏறக்குறைய ஐம்பது, அறுபது லிட்டர் கொள்ளளவில் அடங்கிவிடும். நீங்கள் மூவர் செல்வதால் அடுப்பு ஒன்று, காற்றடிக்கும் பம்ப் ஒன்று, கருவிப் பை ஒன்று என்று பங்கிட்டுக்கொண்டால் இன்னும் குறையும்.

இந்தப் பதினைந்து கிலோவைச் சுமப்பதற்கு அலுமினியப் பெட்டிகள் தேவையா என்பதே கேள்வி. பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து, உள்ளே ஒன்றும் வைக்காத நிலையிலேயே பன்னிரண்டு, பதினைந்து கிலோவுக்கு வந்துவிடுவதுண்டு. சுமைக்கு ஈடாக இன்னொரு சுமை என்றாகிறது. பூட்டலாம், மழை புகாது, இறக்கி வைத்தால் உட்காரும் மணையாகவும் ஆகும் என்ற வசதிகள் அவற்றுக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் அகலம் கூடிவிடுவதால் வண்ணாரப்பேட்டை நெரிசலில் இரண்டு ஆட்டோக்களுக்கு இடையே நுழையும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட வேண்டியிருக்கும். மலைப்பாதையின் மண்ணில் வண்டி சாய்ந்து கால் அடியில் மாட்டிக்கொண்டால், துணிப் பை நசுங்கி இடம் கொடுக்கும்; அலுமினியம் கொடுக்காது. உங்கள் பயணத்துக்கு இருபுறமும் தொங்கும் சேடில் பேக் ஒரு ஜோடியும், பின் இருக்கையில் குறுக்காகக் கட்டும் உருளை வடிவப் பை ஒன்றும் போதும் என்பது என் கருத்து.

சேடில் பேக் வாங்கும்போது துணியைவிட அடிப்புறத்தையும் உட்பக்கத்தையும் கவனியுங்கள். நம் நாட்டு வண்டிகளில் இடப்புறம் புடவை சிக்காதிருக்கப் பொருத்தியிருக்கும் சாரி கார்டு, பை சக்கரத்துக்குள் போகாமலும் தடுக்கும். வலப்புறம் அந்தத் தடுப்பு இருக்காது. பெரும்பாலான வண்டிகளில் அங்கேதான் சைலென்சரும் இருக்கிறது. நைலான் துணி சைலென்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், உள்ளே உடை இருந்தால் புகையவும் தொடங்கும். எனவே வலப்புறத்துக்குப் பையைத் தள்ளி நிறுத்தும் கம்பி ஒன்று கட்டாயம் வேண்டும். கடையில் அது கிடைக்காவிட்டால் கவலை இல்லை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய காலம் முதல் புல்லட்டோடு பழகிய ஊர் நம்முடையது. திருவொற்றியூர்ப் பக்கம் அளவு எடுத்து இப்படி ஒரு கம்பியை வளைத்துத் தரக்கூடிய பட்டறைக்காரர்களைத் தேடிப் பிடிப்பது கடினமன்று. வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்வதானால் மட்டும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இன்றைய வண்டிகளின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வெல்டிங் மின்சாரத்தைத் தாங்காது.

அடுக்கும் முறையில் ஒரே கணக்குதான்: கனமானவை தாழ்வாகவும் முன்னோக்கியும் இருக்க வேண்டும். கருவிகள், டியூப், தண்ணீர் ஆகியவை சேடில் பேக்கின் அடியில், உங்கள் காலுக்கு அருகில் இருக்கட்டும். இருபுறமும் எடை சமமாகட்டும். பின் இருக்கைமேல் கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் மட்டுமே. பின் அச்சுக்கு அப்பால் கேரியரில் கனத்தை ஏற்றினால் அது நெம்புகோல்போல் வேலை செய்து முன் சக்கரத்தின் பிடியைத் தளர்த்துகிறது. நெடுஞ்சாலையில் லாரியை முந்திச் செல்லும்போது அடிக்கும் காற்றில் கைப்பிடி ஆடத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான். கூடாரக் கம்பிகள் மடித்தாலும் ஏறத்தாழ நாற்பது, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்பதால், பை வாங்கப் போகும்போது அவற்றைக் கையோடு எடுத்துச் சென்று உள்ளே வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: நானும் மனைவியும் 125 சிசி வண்டியில் ஏலகிரி சென்று ஓர் இரவு கூடாரத்தில் தங்க ஆசைப்படுகிறோம். இருவர் உட்கார்ந்த பிறகு மூட்டைக்கு இடம் இருக்குமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இடத்தைவிட எடையே இங்கு முக்கியம். வண்டியுடன் கொடுத்த கையேட்டில், ஓட்டுநர் உட்பட வண்டி சுமக்கத்தக்க எடை எவ்வளவு என்று பாருங்கள். அது 150 கிலோ என்றும், நீங்கள் 72, உங்கள் மனைவி 58 என்றும் வைத்துக்கொண்டால், மிச்சம் இருபதுதான். ஹெல்மெட், காலணி, ஜாக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே மூட்டை பன்னிரண்டு கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏலகிரிப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்கும்போது பிரேக் சுமப்பது இந்த மொத்த எடையையும்தான். டயர்களில் இருவர் பயணத்துக்கென்று கையேடு சொல்லும் அளவுக்குக் காற்றடித்து, பின்புற ஷாக் அப்சார்பரையும் ஒரு படி இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஓர் இரவுதான் என்பதால் சமையலை அடியோடு விட்டுவிடலாம். அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு என்று ஏற்றிச் சென்று மலையில் பொங்கித் தின்பதைவிட, அடிவாரத்தில் இட்லி கட்டிக்கொண்டு போவது அறிவுடைமை. உடையில் பருத்தி ஜீன்ஸைத் தவிர்த்துவிடுங்கள். நனைந்தால் கனக்கும், குளிரில் காயவும் காயாது. விரைவில் உலரும் பாலியெஸ்டர் காற்சட்டை ஒன்றும், இரவுக்குக் கம்பளி அல்லது ஃபிளீஸ் சட்டை ஒன்றும் போதும்.

இவற்றோடு உங்களுக்கு ஒரு கைலியும் உங்கள் மனைவிக்கு ஒரு பருத்திப் புடவையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கைலி துண்டாகும், போர்வையாகும், திறந்த வெளியில் உடை மாற்றும் அறையாகும், சுருட்டினால் தலையணையாகும். இத்தனைக்கும் கால் கிலோகூட இராது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் 'பயணத் துண்டு' எதையும் நான் இதுவரை வாங்கியதில்லை. இருவருக்கும் தனித்தனி ஸ்லீப்பிங் பேக்குக்கு இடம் போதாவிட்டால், ஜிப்பைத் திறந்து விரிக்கக்கூடிய ஒன்றை வாங்கிப் போர்த்திக்கொண்டு, கீழே தடித்த மெத்தை விரித்தால் சமாளிக்கலாம். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தே அதிகம் ஏறுகிறது. ஆகையால் மெத்தையை மட்டும் மிச்சப்படுத்தாதீர்கள்.

முதுகுப் பையில் கனம் ஏற்றி உங்கள் மனைவியின் தோளில் மாட்டுவது இந்தக் கேள்விக்குத் தீர்வாகாது. இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் அது கழுத்தையும் தோளையும் பிடுங்கி எடுத்துவிடும். விழுந்தால் உள்ளிருக்கும் கெட்டிப் பொருள்கள் முதுகெலும்பில் அழுந்தும்.

கேள்வி: மூட்டையைக் கட்டக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு நல்லதா, சாதாரண நைலான் கயிறு நல்லதா?
– வாசகர், காசிமேடு

பதில்: கயிற்றோடு பிழைக்கும் பேட்டையிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குச் சற்று வியப்புதான், துறைமுகத்தில் விசைப்படகைக் கட்டும் பெரியவர் யாரையாவது கேட்டால் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நைலான் கயிறு ஈரத்தில் நீளும். காலையில் விறைப்பாகக் கட்டியது மழையில் ஐம்பது கிலோமீட்டர் போனதும் தளர்ந்திருக்கும். எலாஸ்டிக் கயிறு மூட்டை அமுங்கும்போது தானும் சுருங்கி விறைப்பைக் காக்கும் என்றாலும், அதன் இரும்புக் கொக்கி கை நழுவித் தெறித்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். மீன்பாடி வண்டிக்காரர்கள் கூடைகளைப் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டையால் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கொக்கியும் இல்லை, பிடிப்பும் அதிகம். வெயிலிலும் பெட்ரோலிலும் ரப்பர் வெடித்துப்போகும் என்பதால் பயணத்துக்குப் பயணம் புதுப் பட்டை வெட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதன்மைக் கட்டுக்குப் பக்கிள் வைத்த நாடாப் பட்டைகள் இரண்டு, அவற்றுக்குத் துணையாக டியூப் பட்டை ஒன்று என்பது என் வழக்கம். பட்டைகளைப் பையின் கைப்பிடிகளில் கட்டாமல், வண்டியின் இரும்புச் சட்டத்தில் கோத்து இறுக்குங்கள். இறுக்கிய பின் தொங்கும் நுனியைச் சுருட்டிச் செருகாமல் ஒருபோதும் புறப்படாதீர்கள். காற்றில் பறக்கும் ஒரு முழ நாடா செயினிலோ பின் சக்கரத்திலோ சுற்றிக்கொண்டால் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டிக்கொள்ளும். பின்விளக்கு, இண்டிகேட்டர், எண் பலகை மூன்றும் மறையாமல் தெரிகின்றனவா என்பதையும் ஒருமுறை பின்னால் நின்று பாருங்கள்.

கேள்வி: பையுடன் வந்த மழை உறை போதுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: போதாது. வேகத்தில் காற்று புகுந்து உறை பலூன்போல் உப்பிக் கழன்று போகும். பையின் தைத்த இடங்களிலும் ஜிப்பிலும் நீர் கசியும். வெளியே எதைப் போட்டாலும், உள்ளே தடித்த பாலித்தீன் பை ஒன்றை அகவுறையாக வைத்து, அதன் வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்கும் இரவு உடைக்கும் இது தவறக்கூடாது. பாரிமுனைப் பக்கம் தார்ப்பாய்க் கடையில் ஒட்டுத் துண்டு கேட்டு வாங்கினால், கூடாரத்தின் அடியில் விரிக்கவும் ஆகும். கூடாரத்தின் அடிப்பரப்பைவிட அது சற்றுச் சிறியதாக இருக்கட்டும். பெரியதாக இருந்தால் மழைநீரை ஏந்தி உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

கேள்வி: வண்டியை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதே ரயிலில் நாங்களும் செல்லலாம் என்று எண்ணுகிறோம். முகாம் அடுப்பையும் எரிவாயுக் குப்பியையும் பையில் வைக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அடுப்பை வைக்கலாம், குப்பியைக் கூடவே கூடாது. எரிவாயு, பெட்ரோல் போன்றவற்றை ரயிலில் கொண்டு செல்வது குற்றம். வண்டியைப் பார்சலில் போடும்போதே டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிடச் சொல்வார்கள். போய்ச் சேரும் ஊரில் திருகு வால்வு வைத்த 230 கிராம் குப்பி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கிடைக்காது என்றால் அடுப்பையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு கிலோ மிச்சம். காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி தண்டனைக்குரியவை என்பதால், சுள்ளி பொறுக்கிச் சமைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையும் கைவிடுங்கள். குளிருக்காகக் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பது அதைவிடக் கொடியது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கேள்வி: எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். புறப்பட இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், எண்ணூர்

பதில்: கட்டிய மூட்டையுடன் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை பழவேற்காடு போய்வாருங்கள். எண்ணூரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போகும்போது கன்டெய்னர் லாரிகள் நசுக்கிய சாலைகளும் பள்ளங்களும் தூசியும் எதிர்க்காற்றும் உங்கள் கட்டுமானத்தைச் சோதிப்பதுபோல் எந்த மலைப்பாதையும் சோதிக்காது. பத்தாவது கிலோமீட்டரில் ஒருமுறை இறங்கிப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். மூட்டை அமுங்கிக் கட்டு தளர்வது பெரும்பாலும் அதற்குள் நடந்துவிடும். பொன்னேரியில் சைலென்சர் பக்கத்துப் பையின் உட்புறத்தைக் கையால் தடவிச் சூடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏரிக்கரையில் மழைக்கோட்டையும் பஞ்சர் கருவிகளையும் மட்டும் எடுக்க முயலுங்கள். அதற்கு மூட்டை முழுவதையும் அவிழ்க்க நேர்ந்தால் அடுக்கியது தவறு. அவை இரண்டும் எப்போதும் மேலாக இருக்க வேண்டியவை.

திரும்பும்போது அங்கே இறால் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வாங்குங்கள். ஆனால் அதற்கென ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தனியே கட்டிக்கொண்டு போங்கள். கூடாரம் இருக்கும் பையில் அதை வைத்தால், அடுத்த வாரம் மலையில் உங்கள் கூடாரத்தைச் சுற்றி ஊர் நாய்கள் விடியும் வரை உட்கார்ந்திருக்கும்.