பெயருக்குள் ஒரு சாய்கோடு

வணக்கம் ஐயா. எங்கள் கோயிலின் அன்னதான நன்கொடைப் பட்டியலை ரஸ்ட் மொழி நிரலில் படித்து ஸ்ட்ரக்ட்டில் (விவரங்களைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பில்) ஏற்றுகிறேன். வரிக்கு நான்கு விவரம்: பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தொலைபேசி, தொகை. இடையில் சாய்கோடு. சி மொழியில், வரியைத் துண்டாக்கும் ஸ்ட்ர்டோக் வைத்து எழுதியபோது கடைசிவரை ஓடியது. ரஸ்டில் பாதியிலேயே பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. இவ்வளவு கண்டிப்பு தேவைதானா?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

அன்புள்ள தம்பி,

சி-யில் கடைசிவரை ஓடியதுதான் எனக்குக் கவலை. தொலைபேசி எண் தராதவரின் வரியில் இரண்டு சாய்கோடு ஒட்டிக்கொண்டு வரும். ஸ்ட்ர்டோக் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். காலியிடம் காணாமல் போய், அவர் கொடுத்த ஐம்பது ரிங்கிட் தொலைபேசிக் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். கொடுத்தவர் பெயருக்கு நேரே தொகை இல்லை. ரஸ்டில் துண்டாக்கும் ஸ்பிளிட் அந்த இடத்தில் ஒரு வெற்றுச் சரத்தைக் கையில் தரும். ஆப்ஷன் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று குறிக்கும் வகை) வைத்து ‘எண் இல்லை’ என்றே பதியலாம்.

ஆனால் நீங்கள் அனுப்பிய நிரலைப் பார்த்தால் பேனிக்கின் காரணம் வேறு. நம் பெயர்தான்! மாதிரிக்கு, ‘முருகன் ஏ/எல் சுப்பையா’ (ஏ/எல் என்றால் மகன்). தகப்பன் பெயருக்கு முன்னால் வரும் அந்தச் சாய்கோட்டிலும் ஸ்பிளிட் வெட்டுகிறது. நான்கு துண்டு ஐந்தாகி, ‘எல் சுப்பையா’ ஐசி கட்டத்துக்கு வந்துவிடுகிறது. இதை எண்ணாக்க முடியாது என்று, எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ் பிழையைத் திருப்பித் தருகிறது. அங்கே நீங்கள் அன்ராப் (பிழை வந்தால் பேனிக் ஆக்கும் அழைப்பு) போட்டிருக்கிறீர்கள். நிரலை நிறுத்தியது அதுதான். ஏ/பி (மகள்) என்று வரும் பெண்கள் பெயரிலும் இதே கதை.

பெயர் முதலில் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. ஆர்ஸ்பிளிட்என்னுக்கு 4 (துண்டுகளின் எண்ணிக்கை) என்று கொடுத்து வலப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். தொகை, தொலைபேசி, ஐசி என்று தலைகீழாக வரும். மிச்சமெல்லாம் பெயர், உள்ளே எத்தனை சாய்கோடு இருந்தாலும் சரி. அடுத்த வருஷப் பட்டியலை டேப் வைத்துப் பிரிக்கச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஐசியை யு64 (முழு எண் வகை) ஆக்க வேண்டாம். அது கூட்டிக் கழிக்கிற எண் அல்ல. 2003இல் பிறந்த பிள்ளையின் ஐசி 03 என்று தொடங்கும். எண்ணாக்கினால் அந்தப் பூஜ்யம் போய்விடும். ஸ்ட்ரிங்காகவே (எழுத்துச் சரமாகவே) வைத்து, 12 இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொகையைச் சென் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள்.

கண்டிப்பு தேவைதான். ஆனால் ஒரு வரி கெட்டதற்காக மற்ற வரிகள் காத்திருக்கக் கூடாது. அன்ராப்பை எடுத்துவிடுங்கள், ஃபங்ஷன் ரிசல்ட் (சரியான மதிப்பு அல்லது பிழை) தரட்டும். கெட்ட வரியை வரி எண்ணோடு தனிக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்தக் கோப்பை அச்செடுத்துக் கோயில் கணக்குப்பிள்ளையிடம் கொடுங்கள். அது யார் கொடுத்த ஐம்பது ரிங்கிட் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.