தலவாக்கலை ஆற்றுத் தண்ணீர் எந்தக் கடலில் சேர்கிறது?

கொழும்புப் பக்கம்தானே போகும் என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, திருகோணமலைக்குத்தான்.

ஹட்டன்தான் நீர்பிரி மேடு. டிக்கோயா, மஸ்கெலியா பக்கத்து மழை களனி கங்கையாகக் கொழும்புக்கு இறங்கும். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் பிறக்கும் ஆக்ரா ஓயா என்னும் சிற்றாறோ அக்கரப்பத்தனை வழியாக வந்து கொத்மலை ஓயாவாகி (தலவாக்கலை ஆறு இதுதான்), ஹட்டன் ஓயாவுடன் கலந்து மகாவலியாகிறது. நீளம் 335 கிலோமீட்டர். இலங்கையில் இதுவே பெரிது.

தலவாக்கலையில் 2012 முதல் மேல் கொத்மலை அணை தண்ணீரை மறித்துச் சுரங்கத்துக்குள் விடுகிறது. சென் கிளேயர் அருவி மெலிந்துபோனது அதனால்தான். அந்த இழப்பு சின்னதல்ல.

கண்டியை வளைந்து வரும் ஆற்றின் ஒரு பகுதியைப் பொல்கொல்லை அணை, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அம்பன் கங்கைப் பக்கம் திருப்புகிறது. மீதி விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைகளைத் தாண்டி, மினிப்பேயில் மலையை விட்டு வடக்கே திரும்புகிறது. பிறகு அம்பன் கங்கை மறுபடி வந்து சேர, மன்னம்பிட்டி கடந்து மூதூர் அருகே திருகோணமலைக் கடலின் கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. வெருகல் ஆறு இதன் கிளை.

பெருமழைக்குப் பின் ஆறு செம்மண் நிறமாக ஓடினால், அது சரிவுக் காய்கறித் தோட்டங்களிலும் பராமரிப்பில்லாத தேயிலை மலைகளிலும் அரித்த மேல்மண். ஓட்டம் தணியும் அணைக்கட்டில் அது படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது. சரிவுக்குக் குறுக்கே கான் (வடிகால்) வெட்டி, கல்வரப்புக் கட்டினால் மண் தோட்டத்திலேயே நிற்கும்.